கெங்கம்மா வீட்டுக் கதவு சீல் வைக்கப்பட்ட விவரம்

கெங்கம்மா வீட்டுக் கதவு சத்தம் போடாமல் திறந்தது. வந்த வம்பு முழுக்க அதனால்தான் வந்தது.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போகும் சந்து ஒன்றில் கெங்கம்மாவின் வீடு. சாயங்காலமானால் வாசலில் அடுப்பை மூட்டி மீன் வறுத்து விற்பாள். அன்று தூறலுக்கு ஒதுங்கியவர்போல ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையில் பேனாக்கள், கையில் ரெக்சின் பை. ஒரு தட்டு சங்கரா மீன் வாங்கினார். நின்றபடியே தின்றவர், சாய்ந்துகொள்ள இடம் தேடிக் கதவில் முதுகை வைத்தார். கதவு அவர் பாரத்தை வாங்கிக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல், பாதி தூரம் உள்ளே போய் நின்றது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கீலில் காதை வைத்துக்கொண்டு கதவை விரலால் லேசாக அசைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"இந்தக் கதவை யார் செஞ்சது?" என்றார்.

"நம்ம ஜெயவேலுதான் செஞ்சிக் குட்தான். இன்னா சார், ஒனக்கும் ஒண்ணு வோணுமா?" என்றாள் கெங்கம்மா பெருமையாக.

அவர் பெயர் ரவிக்குமார். மரவேலைத் தகுதி நிர்ணய வாரியத்தின் ஆய்வாளர். தன் பணிக்காலத்தில் அவர் எத்தனையோ கதவுகளைப் பார்த்திருக்கிறார். கிரீச்சிடாத கதவை மட்டும் பார்த்ததில்லை. அதனால் இயல்பாகவே சந்தேகப்பட்டார்.

வாரியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மரத்தைத் தொடும் ஒவ்வொருவரும் ஒன்று ஆர்வலராக இருக்க வேண்டும், அல்லது தொழில்முறையாளராக இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஆர்வலர் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்கிறவர். தொழில்முறையாளர் பிறருக்காகக் காசுக்குச் செய்கிறவர். இரண்டுமாக இருப்பது குற்றம். இரண்டும் இல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

ஜெயவேல் இந்த இரண்டாவது ரகத்தில் இருப்பது அவனுக்கே தெரியாது. அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாளெல்லாம் கண்டெய்னர்களை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பான். உள்ளே என்ன இருக்கிறது, கடைசியில் அது என்னவாகப் போகிறது, எதையும் அவன் பார்த்ததில்லை. ஒரு வேலையின் தலையையும் வாலையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்துதான் அவனுக்கு வந்தது. மாதவரத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் மெஷின் வந்து இறங்கிய பெட்டிகளின் பலகைகளை வாங்கி வந்தான். மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து இழைக்க ஆரம்பித்தான். முதன்முதலில் செய்த முக்காலியில் அவன் மனைவி கார்குழலி உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது முக்காலியும் கூடவே எழுந்து வந்தது. வார்னிஷ் காயவில்லை. அதற்கப்புறம் பல வருஷங்களும் பல பலகைகளும் வீணாகி, கை படிந்தது.

போன மழைக்குச் சந்தில் தண்ணீர் நின்று கெங்கம்மாவின் பழைய பிளைவுட் கதவு பூரிபோல உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து விழுந்தபோது, ஜெயவேல் அவளிடம் கேட்கக்கூட இல்லை. அளவெடுத்துக்கொண்டு போனான். காசு வேண்டாம் என்றான். கெங்கம்மா கட்டாயப்படுத்தி வறுத்த மீனைக் கட்டிக் கொடுத்தாள். விஷயம் அவ்வளவுதான்.

ரவிக்குமார் ஆளனுப்பியதும் ஜெயவேல் இழைப்புச் சுருள் ஒட்டிய கையோடு பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"இதுக்குக் காசு வாங்கினியா?"

"இல்ல சார்."

"அப்ப உன் சொந்த உபயோகமா?"

"இல்ல சார். அக்கா வூட்டுக்கு."

ரவிக்குமாருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. "ரெண்டுலயும் வரலியேப்பா நீ" என்றார், உறவினர் ஒருவரின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல.

கெங்கம்மா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே புகுந்தாள். "நான் மீனு குட்தேன் சார்."

ரவிக்குமார் பேனாவை எடுத்தார். "அந்த மீன் கூலியா, அன்பளிப்பா?"

"அது வவ்வா மீனு சார்."

"அவரு அதை ஆசையாச் சாப்பிட்டாரா, கணக்குப் பாத்துச் சாப்பிட்டாரா?"

ஜெயவேல் யோசித்தான். "பசில துன்னேன் சார்" என்றான். அந்தப் பதிலும் எந்த வகையிலும் சேரவில்லை.

வகை முடிவாகும் வரைக்கும் கதவைக் கண்ட நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றார் ரவிக்குமார். ரெக்சின் பையிலிருந்து ஒரு கயிறு, அரக்கு, முத்திரை எல்லாம் வந்தன. கதவின் கைப்பிடியையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்து இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் கெங்கம்மாவின் அடுப்பிலேயே அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார். அவர் முதுகு தள்ளி வைத்த இடத்தில், பாதி திறந்தும் பாதி மூடியும் கதவு நின்றது.

"மூடிட்டாவது சீல் வையேன் சார்" என்றாள் கெங்கம்மா.

"மூடினா கண்ட நிலை மாறிடும்."

"அப்ப ஒரேடியா தொறந்து வெச்சிக் கட்டு."

"அதுவும் மாறிடும்."

"நீதான சார் முதுவால தள்ளிக்கினு உள்ள வந்த?"

"அதைத்தாம்மா கண்ட நிலைங்கிறது."

சீலை உடைத்தாலோ கதவை நகர்த்தினாலோ கதவும் ஜெயவேலின் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாமும் பறிமுதல் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மீதி மீனைத் தின்று முடித்து, மீனுக்குச் சரியாகக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். கை சுத்தமான மனிதர்.

பாதிக் கதவோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கெங்கம்மா பூசினாற்போல இருப்பவள். வீட்டுக்குள் போக ஒருக்களித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. மீன் கூடை நுழையவே இல்லை. பூனைகளுக்கு அந்த அளவு இடைவெளி தாராளம். கொருக்குப்பேட்டையில் இத்தனை பூனைகள் இருப்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். காற்றடித்தால் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் அவள் வீட்டு அரிசிப் பானையை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், வீட்டை அப்படியே போட்டுவிட்டு அவளால் காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுக்க முடியவில்லை. தனியாக இருப்பவள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேறு யாரையாவது வாங்கி வரச் சொன்னால் ஐஸில் கிடந்த மீனாக வாங்கி வந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் ஒரு வாய் தின்றுவிட்டு மறுவாய்க்கு யோசித்தார்கள்.

ஒரு நாள் ஆடு புகுந்து ரேஷன் அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. அன்று ஜெயவேலைப் பார்த்தபோது அவள் திட்டவில்லை. "ஒன் கதவு நல்ல கதவுதான் நைனா" என்றாள். "இம்மாம் நல்லதா செய்யாம இர்ந்துர்க்கலாம்."

ஜெயவேலுக்கு அது நெஞ்சில் தைத்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு, தான் செய்த முக்காலி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனான்.

அலுவலகத்தில் மருந்துக்கும் மரம் இல்லை. எல்லாம் இரும்பு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி. எந்த மரச்சாமான் தரமானது என்று வாரியம் இன்னும் முடிவு செய்யாததால் வாங்கவில்லை என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

முதலில் அவனை ஆர்வலர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் தலைவி பெர்சிஸ் அம்மையார். கதர்ப் புடவை, மென்மையான குரல். அவன் கைகளைத் தன் கைகளில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் போட்ட தழும்பு ஒன்றுகூட இல்லையே" என்றார்.

"பாத்துதான் மேடம் வேல செய்வேன்."

அம்மையாரின் முகம் வாடியது. முக்காலியை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினார். கண்ணாடிதான் ஆடியது.

"ஜெயவேல், ஆர்வலர் என்பவர் குழந்தை மாதிரி. குழந்தை நடக்கும்போது விழ வேண்டும். விழாத குழந்தையைப் பார்த்தால் தாய்க்குப் பயம் வராதா? எனக்கு இந்த முக்காலியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது." அவர் சுவரோரம் இருந்த ஓர் அலமாரியைக் காட்டினார். அதுவும் இரும்புதான். அதற்குள் ஆர்வலர் பிரிவின் பொக்கிஷங்கள் இருந்தன. "இந்தப் புத்தகத் தட்டைப் பாருங்கள். எங்கள் துணைத்தலைவர் செய்தது. இதில் புத்தகம் நிற்காது. வைத்தால் சறுக்கி விழும். ஆனால் பார்க்கிறவர் மனசு அப்படியே நின்றுவிடும்."

ஜெயவேல் பார்த்தான். அவன் மனசு நிற்கவில்லை. அதன் அடியில் ஒரு சின்ன ஆப்பைச் செருகினால் போதுமே என்று கை பரபரத்தது.

"உங்கள் வீட்டில் பாதியில் கிடக்கும் வேலைகள் என்னென்ன?" என்று கேட்டார் அம்மையார்.

"எதும் இல்ல மேடம். எட்த்தா முட்ச்சிடுவேன்."

"ஒன்றுகூடவா?"

"ஒண்ணுகூட."

அம்மையார் அலமாரியை மூடினார். பிறகு ஒரு தாயின் கருணையோடு சொன்னார்: "உங்களிடம் ஆர்வம் இருக்கிறது. ஆர்வக்கோளாறு இல்லை. எங்கள் பிரிவில் சேர இரண்டும் வேண்டும்."

கெங்கம்மாவின் அரிசிப் பானை ஜெயவேலின் கண்முன் வந்து போனது. தயங்கித் தயங்கிக் கேட்டான். "இந்த முக்காலில ஒரு கால மட்டும் கொஞ்சம் அறுத்துட்டா செல்லுமா மேடம்?"

"தெரிந்து செய்த பிழை பிழையாகாது. அது திறமை" என்று சொல்லி, பெர்சிஸ் அம்மையார் முக்காலியை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

தொழில்முறையாளர் பிரிவு மாடிப்படியின் மறுபக்கத்தில் இருந்தது. அதன் தலைவர் சுடலைராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மூலக்கொத்தளத்தில் பிளைவுட் மொத்த வியாபாரம் செய்கிறவர். நன்றாக உபசரிக்கத் தெரிந்தவர். வந்தவனை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார்.

"நான் இதுவரைக்கும் ஒரு உளியத் தொட்டது கிடையாது, தம்பி. தொட்டா நடுநிலை போயிரும்லா" என்று ஆரம்பித்தார். "சரி, சொல்லும். அந்தக் கதவ என்னைக்குத் தாரேன்னு சொன்னீரு?"

"ஞாயித்துக்கெழம சார்."

"என்னைக்குக் குடுத்தீரு?"

"சனிக்கெழம சாயங்காலமே மாட்டிட்டேன்."

சுடலைராஜ் கண்ணை மூடித் திறந்தார். "வேல நடக்கும்போது அந்தம்மா ஃபோன் போட்டா எடுப்பீரா?"

"எடுப்பேன் சார்."

"எடுத்து என்ன சொல்லுவீரு?"

"வேல எவ்ளோ முட்ஞ்சிக் கீதோ அத்த சொல்லுவேன்."

"உள்ளத உள்ளபடியேவா?"

"ஆமா சார்."

"மிஞ்சின மரம்?"

"அக்காகிட்டயே குட்த்துட்டேன். அடுப்புக்கு ஆவும்னு."

சுடலைராஜ் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். எதிரே உட்கார்ந்திருந்த இந்த வாட்டசாட்டமான ஆள் இந்த வயது வரைக்கும் ஒன்றுமே தெரியாமல் வளர்ந்துவிட்டானே என்ற பரிதாபம்தான் அவருக்கு.

"இங்க பாரும். ஒரு வீட்டுக்காரன் நம்மளத் தேடணும். கடையில தேடணும், தெருவுல தேடணும், தூக்கத்துல தேடணும். தேடுனாத்தான் தொழிலுக்கு மரியாத. நீரு சொன்ன நாளைக்கு முந்துன நாளே போய் நின்னா, இவனுக்கு வேற சோலியே இல்ல போலருக்குன்னுதான நெனப்பான்? மத்த தொழில்முறையாளர் மானத்த வாங்கிட்டீரே, தம்பி. இருந்தாலும் ஒரு வழி இருக்கு. நம்ம பயிற்சி வகுப்புல சேரும். கடைசியில செய்முறைத் தேர்வு. தேறிட்டீருன்னா அந்தக் கதவு தொழில்முறைக் கதவு ஆயிரும். சீலு தானா விழுந்துரும்."

ஜெயவேல் சேர்ந்தான். துறைமுகத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய் வந்தான். வகுப்பில் மரம் எதுவும் இல்லை. காதில் பென்சில் செருகும் கோணத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமலேயே அளவு சொல்லப் பழக்கினார்கள். வராமல் போனதற்கு என்ன காரணம் சொல்வது என்பதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே வாடிக்கையாளரிடம் ஒரே மாமியாரை வருஷத்தில் எத்தனை முறை சாகடிக்கலாம் என்பது பற்றி இரண்டு ஆசிரியர்களுக்குள் சண்டையே வந்தது.

பாடங்களிலேயே தலையாயது கடைசிப் பாடம். எந்த வீட்டுக்குள் போனாலும், முதலில் அங்கே ஏற்கெனவே இருக்கும் வேலையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டும். "எவன் செஞ்சது இதை?" என்று கேட்க வேண்டும். பிறகு அதை நார் நாராகக் கிழிக்க வேண்டும். இது வராதவன் தொழில்முறையாளன் ஆக முடியாது.

ஜெயவேலுக்கு இது வரவே இல்லை. எல்லா வகுப்புக்கும் நேரத்துக்குப் போய்விட்டதால் வருகைப் பதிவிலும் அவனுக்கு முட்டை.

வீட்டில் கார்குழலி அவனுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாள். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். மக்குப் பிள்ளைகளோடு பழகிய பொறுமை உண்டு. கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த கட்டிலைக் காட்டி, "இத்தத் திட்டு பாக்கலாம்" என்றாள்.

ஜெயவேல் கட்டிலைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். "காலு கொஞ்சம் கனமா வெச்சிக்கீறாங்க. ஆனா அந்தக் காலத்துல அதான வயக்கம்" என்றான்.

"திட்ட சொன்னா ஞாயம் பேசற நீ."

"பாவம், யாரு பெத்த புள்ளயோ, கஸ்டப்பட்டு செஞ்சிக் கீறான்."

"அதுக்குப் பக்கத்து வூட்டுல ஒரு பொம்பள கதவில்லாம கெடக்குறா. அவ கஸ்டத்த நெனச்சிக்கினு திட்டுயா. கட்டிலு இன்னா அயுவவா போவுது?"

அவன் முயன்றான். நாக்கைச் சப்புக்கொட்டினான். ஏதோ ருசியான பண்டத்தைத் தின்றதுபோலத்தான் சத்தம் வந்தது. கார்குழலி சிரித்துவிட்டாள். அப்புறம், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

செய்முறைத் தேர்வு கெங்கம்மா வீட்டு வாசலிலேயே வைக்கப்பட்டது. காலையிலேயே வருவதாகச் சொன்ன வாரியத்தார் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் வந்தார்கள். தாமதத்துக்காகச் சுடலைராஜ் தன் குழுவினரை எல்லார் முன்னாலும் பாராட்டினார். பெர்சிஸ் அம்மையார் பார்வையாளராக வந்திருந்தார். ரவிக்குமார் பேனாவோடு நின்றார். சந்து முழுக்கக் கூட்டம். பாதிக் கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாகக் கரண்டியோடு கெங்கம்மா நின்றாள்.

"சோலிய ஆரம்பியும், தம்பி" என்றார் சுடலைராஜ். "நீரு இந்த வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீரு. இந்தக் கதவப் பாக்கீரு. என்ன சொல்லுவீரு?"

அப்போதுதான் ஜெயவேலுக்கு உறைத்தது. அவன் கிழிக்க வேண்டியது அவன் கதவையே.

அவன் கிட்டே போனான். பழக்க தோஷத்தில் உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். மாடியில் அந்தப் பலகைகளை இழைத்தபோது எழுந்த பைன் மர வாசனை இன்னும் லேசாக இருந்தது. நடுச்சட்டத்தின் நாக்கு துளைக்குள் இறங்கி, ஒரு சுத்தியல் தட்டில் போய் உட்கார்ந்த அந்தச் சின்னச் சத்தம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று கீழே இறங்கிவந்து கார்குழலியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தான். துறைமுகத்தில் கப்பலே கவிழ்ந்தாலும் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டான்.

"சொல்லும்."

"கீய ஒரு ஓரம் மழக்கி லேசா ஒரசுது சார்" என்றான் ஜெயவேல். "ஒரு மயிரிழ இழைச்சி உட்டுர்க்கணும். அது என் தப்புதான்."

ரவிக்குமார் எழுதுவதற்கு முன் சுடலைராஜைப் பார்த்தார். சுடலைராஜ் தலையாட்டினார், சோகமாக.

"அது உள்ள குறைலா? உள்ள குறையச் சொல்றதுக்கு வீட்டுக்காரம்மா இருக்காவ. நீரு தொழில்முறையாளர். இல்லாத குறையச் சொல்லும்."

ஜெயவேல் வாயைத் திறந்தான். கார்குழலி கூட்டத்திலிருந்து கண்ணால் கெஞ்சினாள். கெங்கம்மா கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். மரம் சொத்தை என்று ஒரு வார்த்தை. கீல் ஓட்டை என்று ஒரு வார்த்தை. அதுபோதும், அவள் கதவு மூடும். அவனுக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

"நல்லா தான சார் கீது" என்றான் கடைசியில், ஏறக்குறைய அழுகிற குரலில்.

ரவிக்குமார் பேனாவை மூடப் போனார். அப்போது "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டது.

கெங்கம்மா நாக்கைச் சப்புக்கொட்டியிருந்தாள்.

"எவன்டா செஞ்சான் இத்த?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கதவை மேலும் கீழும் பார்த்தாள், ஏதோ முதல் தடவையாகப் பார்ப்பவள்போல. "கதவா இது? கதவுன்னா தொறந்தா தொறக்கணும், மூட்னா மூடணும். இது ரெண்டுங்கெட்டானா நின்னுகினு கீது. மரம் சொத்த. கீலு நாஸ்தி. நெல கோணல். செவுரே கோணல். இத்த செஞ்சவன், அத்த வந்து பாத்தவன், அதுக்குக் கவுறு கட்னவன், கவுத்துக்கு அரக்கு ஊத்னவன், ஒருத்தனுக்கும் தொயிலு தெரில. இத்த ரிப்பேர்லாம் பண்ண முடியாது. அல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு புச்சாதான் வெக்கணும். எப்ப வெப்பன்னு என்ன கேக்காத. சாமான் வர்ணும், ஆளு வர்ணும், மழ நிக்கணும். நடூல எம் மாமியா வேற செத்துப் பூட்டா. அந்த பேஜாரு வேற கீது எனக்கு. போன் கீன் பண்ணிக்கினு இருக்காத. நானே வருவேன்."

கெங்கம்மாவின் மாமியார் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஆத்திரத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டாள்.

சுடலைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"தாயி, நீங்க எந்த ஊர்ல தொழில் படிச்சீய?" என்றார்.

"காசிமேட்டுல. மீனு ஏலம் எட்த்துகினே."

"செவுரே கோணல்னு ஒண்ணு சொன்னியளே. நாப்பது வருசமா பலகை யாவாரம் பாக்கேன், அந்த இடத்துக்கு ஒருத்தனும் போனதில்ல." அவர் ரவிக்குமார் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குச் சான்றிதழ எழுதும்."

பெர்சிஸ் அம்மையார் ஒரு சின்ன ஐயத்தை எழுப்பினார். "இவருக்கு மரவேலை தெரியுமா?"

"அத ஆர்வலர் பிரிவுதான் பாக்கணும். எங்க பிரிவுக்கு அது பாடத்திட்டத்துல இல்ல."

அம்மையார் தன் கடமையைச் செய்தார். கெங்கம்மாவின் தோளைத் தொட்டு, "உங்களுக்கு மரத்தின்மேல் ஆசை உண்டா, அம்மா?" என்று கேட்டார்.

"வெறகா இர்ந்தா உண்டு" என்றாள் கெங்கம்மா.

ஆர்வலர் அல்ல என்பது ஐயமற நிரூபணமானது. ரவிக்குமார் முழங்காலில் ரெக்சின் பையை வைத்து அங்கேயே சான்றிதழை எழுதிக் கொடுத்தார். பதிவுபெற்ற தொழில்முறையாளர் எந்தக் கதவையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். எனவே சீலையும் அவரே நீக்கலாம். கெங்கம்மா மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். உள்ளே போனாள். வாரியத் தலைவர்கள், ஆய்வாளர், சந்து ஜனம் எல்லாரையும் வெளியே நிற்கவைத்துக் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டாள். அடியில் ஓர் ஓரம் லேசாக உரசியது. ஜெயவேலுக்கு மட்டும்தான் அது கேட்டது.

அன்று முழுக்க அவள் கதவைத் திறக்கவில்லை. குறட்டைச் சத்தம் மட்டும் தெருவரைக்கும் வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக முடிந்தது. பதிவுபெற்றவரிடம் வேலை செய்யும் உதவியாளுக்கு எந்தத் தகுதியும் தேவையில்லை என்று விதி இருந்தது. ஜெயவேல் கெங்கம்மாவின் உதவியாள் ஆனான். முதல் வேலையாகக் கதவின் அடி ஓரத்தை இழைத்துவிட்டான். பழையபடி மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே அவன் பாட்டுக்கு அறுத்தான், இழைத்தான், பொருத்தினான். யார் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் செய்தான். திட்டுவது, தேடவைப்பது, ஃபோனை எடுக்காமல் இருப்பது எல்லாம் கெங்கம்மாவின் இலாகா. மீன் வறுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டாள். வடசென்னையில் அவள் மாதிரி ஒரு தொழில்முறையாளர் இல்லை என்று பேச்சு கிளம்பியது.

வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. விழா மேடையில் தலைவர்கள் நின்று பேசுவதற்கு நல்லதாக ஒரு மேசை வேண்டும் என்று அவளிடமே சொல்லிவைத்தார்கள். ஜெயவேல் ஆசை ஆசையாக அதைச் செய்து, சுற்றிலும் வேலைப்பாடு வைத்து, கேட்ட தேதிக்கு நிறைய நாள் முன்பே கொண்டுவந்து வைத்துவிட்டான். கெங்கம்மா பதறிப் போனாள்.

"மூட்றா அத்த மொதல்ல. டயத்துக்குக் குட்த்தா என் லைசென்ஸு பூடும்" என்று ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, வாசல் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

விழா நெருங்கிய சமயம் ரவிக்குமார் விசாரிக்க வந்தார். ஒரு தட்டு வறுவல் வாங்கிக்கொண்டு, பெட்ஷீட் போர்த்திய அந்த மேசைமேலேயே தட்டை வைத்துக்கொண்டு தின்றார். "நம்ம மேசை எந்த நிலையில இருக்கும்மா?"

"மரமே வர்ல சார்."

"எங்கேருந்து வரணும்?"

கெங்கம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிராமல், பக்கத்தில் நின்ற ஜெயவேலைக் கரண்டியால் காட்டினாள். "அவன்தான் ஹார்பர்ல கீறான். அவன கேளு."

ஜெயவேல் மேசையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவன் இதுவரை யாரிடமும் வேலை விஷயத்தில் பொய் சொன்னவனல்ல. ஆனால் இதில் அவனுக்கு ஒரு காசு லாபமில்லை, சான்றிதழும் இல்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை. சும்மா, செய்து பார்க்கலாம் என்ற ஆசைதான். அதனால் மரத்தை எடுக்கிற மாதிரி நிதானமாக ஒரு பொய்யை எடுத்தான். அளந்து, இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மரம் பர்மாவுலேருந்து கெளம்பிட்ச்சி சார். நடுக்கடல்ல என்ஜினு மக்கர் பண்ணிட்ச்சி. வேற கப்பல வெச்சிக் கொயும்புக்கு இஸ்துகினு போய்க் கீறாங்க. அங்க அத்த ரிப்பேர் பண்றவரு ஒர்த்தரு கீறாரு. வந்து பாத்தாராம். எவன் செஞ்ச என்ஜினு இதுன்னு கேட்டாராம். நாளிக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனவருதான், போனையே எடுக்க மாட்றாராம்."

ரவிக்குமார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ரொம்பப் பெரிய தொழில்முறையாளரா இருப்பார் போலிருக்கு" என்றார் மரியாதையாக, அடுத்த மீன் துண்டை எடுத்துக்கொண்டே.